கயிற்றுக்குப் பின்னால் நின்ற நேரம்

அவரோடு டீ குடிக்கப் போனால் நிம்மதியாகக் குடித்துவிட்டு வர முடியாது. தேர்வாய் கண்டிகையில் எங்கள் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை டீக்கடை. ஒருநாள் கிளாஸ் கைக்கு வந்ததும், ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, "பரவால்ல மேடம், இன்னிக்கு டீ சீக்கிரம் வந்துருச்சு" என்றேன்.

"எங்கேர்ந்து கணக்கு சார்?" என்றார்.

"எங்கேர்ந்துன்னா?"

"மாஸ்டர் கிளாஸக் கையில எடுத்ததுலேர்ந்து பாத்தா சீக்கிரந்தான். நாம வந்து நின்னதுலேர்ந்து பாருங்க. முன்னாடி நின்ன ஷிப்ட்டு ஆளுங்களுக்கெல்லாம் ஊத்தி முடிக்கிற வரைக்கும் நாம இன்னா பண்ணிக்கினு இருந்தோம்? டீ குடிச்சிக்கினா இருந்தோம்?"

மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பேசியது மேடம், ஆனால் பேச்சை ஆரம்பித்தவன் நான். அன்றிலிருந்து என் டீயில் சர்க்கரை குறைந்தது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டுத் திருத்தம் அனுப்புவார். எப்படியும் தொழிற்சாலையில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முகத்துக்கு நேரே மேடம். முதுகுக்குப் பின்னால் 'கியூ மேடம்'. எந்தக் காரியத்தைச் சொன்னாலும் அதற்கு முன்னால் யாராவது வரிசையில் நின்றார்களா என்று கேட்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. வாசலில் கார்டைப் பஞ்ச் செய்வது முதல் கிடங்கிலிருந்து ஒரு போல்ட் வெளியே போவது வரை எல்லாத் தகவலும் போய்ச் சேரும் இடத்துக்கு அவர்தான் காவல். நான் அதே அறையில் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து அறிக்கை எழுதுபவன். எண்களை வாக்கியமாக்குவது என் தொழில். எண்கள் மோசமாக இருக்கும் மாதங்களில் வாக்கியங்கள் நன்றாக இருக்க வேண்டும், சம்பளமே அதற்குத்தான். நிறையப் படித்தவன் என்று என்னைப் பற்றி ஒரு வதந்தி உண்டு. அதை நான் மறுத்ததில்லை. இலக்கியம் படித்த ஒருவன் 'தாமதம்' என்ற சொல்லை 'படிப்படியான முன்னேற்றம்' என்று மாற்றி எழுதிப் பிழைக்கலாம் என்பதற்கு நான் வாழும் உதாரணம்.

ஒருமுறை ஒரு கையெழுத்துக்காக நானும் அவரும் திருவள்ளூர் போனோம். ஓர் அலுவலகம், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அதிகாரி நல்ல மனிதர். எங்கள் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நேத்துதான் என் டேபிளுக்கு வந்துச்சு. இன்னிக்கே முடிச்சுக் குடுக்கறேன். என்கிட்ட எதுவும் தேங்காது" என்று பேனாவைத் திறந்தார். நான் கும்பிடுவதற்குக் கையைத் தயாராக வைத்திருந்தேன்.

"உங்க டேபிளுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க சார் தேங்கிக் கெடந்துச்சு?" என்றார் மேடம்.

பேனா மூடிக்கொண்டது. அந்தக் கையெழுத்தை வாங்க நான் மட்டும் தனியாக இன்னொரு முறை திருவள்ளூர் போனேன். வந்து குறைப்பட்டுக்கொண்டபோது, "நான் கேட்டது தப்பா சார்?" என்றார். தப்பில்லை. அவரிடம் எரிச்சலே அதுதான். அவர் கேட்டது எதுவும் தப்பாக இருந்ததில்லை.

மற்றவர்கள் ஒரு காரியம் தொடங்கிய நிமிஷத்திலிருந்து நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். அவர், தொடங்கியிருக்க வேண்டிய நிமிஷத்திலிருந்து கணக்கிட்டார். வித்தியாசம் இவ்வளவுதான். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எத்தனை பேருடைய பகையைச் சம்பாதிக்க முடியும் என்பதை எங்கள் மாடியில் உள்ள எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்று நான் நினைத்தேன். படித்தவன் புத்தி அப்படித்தான். அவர் பழவேற்காட்டுக்காரர், ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பம். போதாதா? படகு திரும்ப வேண்டிய நேரம் கடந்தும் கரையில் காத்து நின்ற சிறுமி, முகத்துவாரத்தில் இருட்டிக்கொண்டு வரும் வானம் என்று மனசுக்குள் ஒரு அத்தியாயமே எழுதி முடித்துவிட்டு, ஒருநாள் குரலைத் தாழ்த்தி அவர் அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"எங்க அப்பாருங்களா சார்? சொன்ன நேரத்துக்கு டாண்ணு வந்து நிப்பாரு. எங்க அம்மாதான் குழம்ப லேட்டா வைப்பாங்க."

அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன்.

இனி அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் தீயோ வாயுக் கசிவோ எது வந்தாலும் சைரன் அடிக்கும். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு முன்பக்க மைதானத்துக்கு ஓட வேண்டும். அங்கே ஒவ்வொரு பிரிவின் சூப்பர்வைசரும் காகிதத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுத் தலை எண்ணுவார். எங்கள் மேனேஜர் சபாபதி சார் இதை மாற்றக் கிளம்பினார். மைதானத்தில் கார்டு ரீடர்களை வைப்பது; வெளியே வந்தவர் பஞ்ச் செய்ததும் 'உள்ளே இருப்பவர்' பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்குவது; கடைசியில் பட்டியலில் மிஞ்சும் பெயர் யாருடையதோ அவரைத் தேடி மீட்புக் குழு உள்ளே ஓடுவது. நல்ல யோசனை. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல யோசனைதான், பட்டியல் நேரத்துக்குச் சுருங்கினால்.

சுருங்குமா என்று பார்க்க ஒரு சோதனை. மொத்த ஜனத்தையும் அடிக்கடி மைதானத்துக்கு ஓடவிட முடியாது. அதனால் ஒரு மென்பொருள், மனிதர்கள் பஞ்ச் செய்வது போலவே பொய்ப் பஞ்ச்களை டேட்டாபேஸுக்கு அனுப்பும். குழாயை முழுதாகத் திறந்துவிடுவதில்லை. நொடிக்கு இத்தனை என்று வேகத்தைக் கட்டுப்படுத்தி, நிதானமாக அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் பதில் வர எவ்வளவு நேரமானது என்று குறித்துக்கொள்ளும்.

முடிவுகளைப் பார்த்து சபாபதி சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. கிட்டத்தட்ட எல்லாப் பஞ்ச்களுக்கும் கண் இமைப்பதற்குள் பதில். ஒன்றிரண்டுக்கு மட்டும் சில நொடிகள் ஆகியிருந்தன. 'அரிதான விதிவிலக்குகள்' என்று நான் எழுதினேன். நல்ல சொற்றொடர். எனக்கே பிடித்திருந்தது.

கூட்டத்தில் அவர் எழுந்து போய்த் திரையில் அந்த விதிவிலக்கின் மீது விரலை வைத்தார்.

"சார், இந்தப் பஞ்ச்சுக்குப் பதில் வராம நின்னுச்சே, அப்போ இதுக்குப் பின்னாடி இருந்த பஞ்ச்செல்லாம் எங்க இருந்துச்சு?"

"அடுத்தடுத்து போயிருக்கு மேடம். பாருங்க, எல்லாமே ஃபாஸ்ட்டு" என்றார் சபாபதி சார்.

"எப்போ போச்சு?"

"மொதல்ல போனதுக்குப் பதில் வந்ததும்."

"அப்போ அதுங்களும் நின்னுக்கினுதானே சார் இருந்துச்சு? டேட்டாபேஸு மூச்சு வாங்கிக்கினு ஒக்காரும்போது, டெஸ்ட் பண்ற நாமளும் அனுப்பாம பக்கத்துல ஒக்காந்துக்கறோம். அது எழுந்ததும் அனுப்பிட்டு, அடடா இன்னா வேகம்னு மார்க்கு போடறோம். சைரன் அடிச்சா ஜனம் ஒக்காருமா?"

விஷயம் இவ்வளவுதான். டேட்டாபேஸ் தன் நினைவில் இருப்பதை அவ்வப்போது மொத்தமாக ஹார்டு டிஸ்க்கில் எழுதும்; அப்போது சில நொடிகள் உறையும். உறைந்த நேரத்தில் சோதனை மென்பொருளும் அடுத்த பஞ்ச்சை அனுப்பாமல் காத்திருக்கும். கடிகாரமோ அனுப்பிய கணத்திலிருந்துதான் ஓடுகிறது. அனுப்பியிருக்க வேண்டிய கணத்திலிருந்து ஓடவில்லை. ஆக, தாமதத்தில் மாட்டியவை நூறு என்றால் அறிக்கையில் ஏறியது ஒன்று. மிச்சம் தொண்ணூற்றொன்பதும் காத்து நின்றதற்கு எங்கும் பதிவே இல்லை.

அந்தக் கடிகாரத்தை மாற்றிவைத்து அவர் மறுபடி சோதனை ஓட்டினார். வந்த வரைபடத்தைப் பார்த்தேன். கோடு ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. கடைசிப் பஞ்ச் காத்திருந்த நேரத்தில் ஒருவர் கான்டீனுக்குப் போய் நாஷ்டாவே முடித்துவிட்டு வந்திருக்கலாம்.

ஆனால் சபாபதி சார் ஒன்றும் தெரியாதவர் அல்ல. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேடம், இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா?"

"இன்னும் ஏறியிருக்கும் சார்."

"நாளைக்கு வரைக்கும் ஓட்டினா நாளைக்கு வரைக்கும் ஏறும். அப்போ இது டேட்டாபேஸோட நம்பரா, நீங்க எவ்ளோ நேரம் ஓட்டினீங்கங்கற நம்பரா?"

அறையில் சிரிப்பு எழுந்தது. எல்லோரும் பல மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு. அவர் அந்தக் கோட்டை அடியிலிருந்து முனை வரை விரலால் தொடர்ந்தார். பிறகு, "கரெக்ட் சார்" என்றார். "ஒரேயடியா எல்லாரும் வர்ற மாதிரி வேகத்த வெச்சுட்டேன். அந்த வேகத்த இது தாங்காதுன்னு மட்டுந்தான் இதுல தெரியும். வேற எதுவும் தெரியாது. இது செல்லாது."

சொல்லிவிட்டு அந்தப் படத்தை அவரே அழித்தார். யாரும் கேட்காமலே தன் தப்பை அழிப்பவரிடம் அடுத்து எப்படிச் சிரிப்பது என்று தெரியாமல் சிரிப்பு பாதியில் நின்றது.

அப்புறம் அவர் செய்ததுதான் கேலிக்கு உள்ளானது. ஒவ்வொரு ஷிப்ட்டு மாறும்போதும் வெயிலில் போய் வாசலில் நின்று, ஜனம் எந்த வேகத்தில் வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கேட் சூப்பர்வைசர் ஏழுமலை. ஆரணிக்காரர், அங்கே சொந்தமாக நெல் வயல். வயலுக்கு மடை திறப்பது போலத்தான் வாசலில் ஆட்களையும் திறந்துவிடுவார்.

"இன்னா சார், ஒங்க மேடம் என் வேலைக்கு வந்துட்டாங்க?" என்றார் என்னிடம். "எண்ணிக்கினே நிக்கிறாங்க. மோர் குடுத்தேன். அதயும் எண்ணிட்டு குடிக்கிறாங்க."

உண்மையான வேகம் தெரிந்த பிறகு மறுபடி சோதனை. இந்த முறை கோடு ஏறி, உச்சி தொட்டு, இறங்கியது. டேட்டாபேஸ் உறைந்தால் பின்னால் கூட்டம் சேரும். விழித்ததும் மெல்லக் கரையும். இது செல்லும் என்றார். கோடு வரைந்த இந்த மலையும், அதாவது காத்திருக்கும் நேரமும், ஆபத்துக்காலத்துக்கு அதிகம் என்றார்.

"சராசரி எப்படி இருக்கு?" என்றார் சபாபதி சார்.

"சராசரி நல்லா இருக்கு சார். உள்ள மாட்டிக்கற ஆளு சராசரி ஆளா இருக்க மாட்டான்."

சபாபதி சார் கெட்டவர் அல்ல. மேலிடத்துக்குத் தேதி கொடுத்துவிட்டவர். தேதி கொடுத்தவரின் முகத்தைப் பார்த்தால் எனக்கு எப்போதும் இரக்கம்தான். "மெஷின வெச்சு மெஷின டெஸ்ட் பண்ணது போதும். மாக் டிரில் வைப்போம். நிஜ மனுஷங்க, நிஜ சைரன். நல்லா வந்தா நீங்க சைன் பண்ணிடணும். மறுநாள்லேர்ந்து பேப்பர்ல பேர் கூப்பிடறது கெடயாது."

"பண்றேன் சார். கணக்கு சைரன்லேர்ந்துன்னா."

ஒத்திகையில் யாராவது ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டதாக நடிக்க வேண்டும். பட்டியல் அவரைச் சரியாகக் காட்டுகிறதா என்பதுதான் பரீட்சை. சபாபதி சார் என்னை மட்டும் தனியே அழைத்தார். "நீங்கதான் இருக்கீங்க. ரிப்போர்ட் எழுதறவரே உள்ள இருந்தா தத்ரூபமா எழுதலாம் இல்ல? யார்கிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா மேடத்துக்கிட்ட."

எனக்கு வீசிங் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். 'தத்ரூபமா' என்ற சொல்லில் மயங்கிவிட்டேன். நல்ல சொல் கிடைத்தால் எனக்கு மூச்சு கூட இரண்டாம்பட்சம்.

எனக்கு ஒதுக்கிய இடம் பெயிண்ட் ஸ்டோர். ஜன்னல் இல்லாத அறை, மின்சார ஷட்டர், மேலே ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். செல்போனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது எங்கள் விதி. இன்ஹேலர் மேசை மேல் பையில். கையில் ஒரு டீ கிளாஸோடு போய் டின்களுக்கு நடுவே ஒரு பலகைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். ஷட்டர் இறங்கியது. 'மாட்டிக்கொண்டவரின் மனநிலை' என்று மனசுக்குள் முதல் வாக்கியத்தைத் தொடங்கினேன்.

சைரன் அடித்தது. அடுத்த கணம் ஃபேன் நின்றது.

ஒத்திகை நிஜம் போல இருக்க வேண்டும் என்று அந்தப் பகுதியின் மின்சாரத்தையே நிறுத்தியிருந்தார்கள். அந்த ஃபேன் எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது. வெளியே ஓடும் காலடிகள் கேட்டன. பிறகு அவையும் இல்லை. தின்னர் வாசனை தரையிலிருந்து மெல்ல எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது.

முதலில் சும்மா இருந்தேன். பிறகு நெஞ்சுக்குள் அந்தப் பழைய விசில். ஷட்டரின் பொத்தானை அழுத்தினேன். மின்சாரம் இல்லாத பொத்தான் எவ்வளவு சாதுவாக அழுந்துகிறது! கையால் இழுத்துத் திறக்கும் சங்கிலி உண்டு, ஆனால் வெளிப்பக்கத்தில். தட்டினேன். தட்டினால் மூச்சு செலவாகிறது என்று நிறுத்தினேன். குனிந்து, ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே இருந்த கோடு போன்ற வெளிச்சத்தில் வாயை வைத்தேன். என்னைப் பற்றி வதந்தி பரப்பியவர்கள் அப்போது என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

'மாட்டிக்கொண்டவரின் மனநிலை' முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. மனநிலை என்று ஒன்றும் இல்லை. அடுத்த மூச்சு உண்டா என்ற ஒரே கேள்விதான். வெளியே பட்டியல் சுருங்கிக்கொண்டிருக்கும், என் பெயர் தனியே மிஞ்சும், உடனே ஓடி வருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் ஓடி வரவில்லை.

வெளியே நடந்ததைப் பிறகு ஏழுமலை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"கயித்தக் கட்டுனது நான்தான் சார். ஜனம் மிஷின் மேல வுழக்கூடாதுன்னு சபாபதி சார் சொன்னாரு. நானும் ரீடருக்கு முன்னாடி கயிறு கட்டி ஒருத்தர் ஒருத்தரா வுட்டேன். பச்ச லைட்டு எரிஞ்சா அடுத்த ஆளு. எரியலன்னா, தே நில்லு, நில்லுன்னுட்டேன். ஒர்த்தன் கூட முண்டல சார். கோயில் க்யூ கணக்கா நின்னானுங்க."

சைரன் அடித்ததும் அலாரம், கதவு, கேமரா எல்லாம் அதே டேட்டாபேஸில் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்க, அது உறைந்து உறைந்து விழித்திருக்கிறது. உறைந்தபோதெல்லாம் பச்சை விளக்கு எரியவில்லை. எரியாதபோதெல்லாம் ஏழுமலை கயிற்றைப் பிடித்துக்கொண்டார். விழித்ததும் விட்டார். அதனால் பஞ்ச் செய்த கிட்டத்தட்ட ஒவ்வொருவருக்கும் கண் இமைப்பதற்குள் பதில் கிடைத்தது. சபாபதி சார் கையிலிருந்த திரையில் எல்லாமே பச்சை. டேட்டாபேஸ் விழிக்கும்வரை காத்து நின்று சோதனை மென்பொருள் செய்த அதே மரியாதையை, யாரும் சொல்லித்தராமல், நம் ஏழுமலை நிஜ மனிதர்களை வைத்துச் செய்து காட்டிவிட்டார்.

கயிற்றுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் பட்டியலில் 'உள்ளே'. அவர்களோடு ஒருவனாக நானும்.

"மேடம் கயித்தயே பாத்துக்கினு இருந்தாங்க" என்றார் ஏழுமலை. "அப்பாலிக்கா வந்து, ஏழுமலை, இந்த ஆளுங்க எப்போலேர்ந்து நிக்கிறாங்கன்னாங்க. சைரன் அடிச்சதுலேர்ந்து மேடம்னேன். மூஞ்சே மாறிப்போச்சு சார். சபாபதி சார்கிட்ட போயி, சார், லிஸ்ட்டுல பாதி பேரு நம்ம கண்ணு முன்னாடி நிக்கிறாங்க, உள்ள இருக்கறது யாருன்னு எப்படித் தெரியும்னாங்க. அவரு, இருங்க மேடம், லிஸ்ட்டு கொறஞ்சுக்கினே வருது, நடுவுல பூந்தா டிரில்லு கெட்டுடும்ன்றாரு."

"அதுக்கு மேடம்?"

"கெடட்டும் சார்னுட்டாங்க. தண்ணி லாரி படிக்கட்டு மேல ஏறி நின்னுக்கினு, ஒங்க பக்கத்துல டெய்லி ஒக்கார்ற ஆளு இல்லன்னா கையத் தூக்குங்கன்னு ஒரு சத்தம். அந்தத் தொண்டையா அதுன்னு இருந்துச்சு. ஆபீஸ் பக்கத்துலேர்ந்து கை தூக்குறாங்க, ரிப்போர்ட்டு சாரக் காணோம்னு. எனக்கு அப்பதான் சார் பொறி தட்டுச்சு. காலைல நீங்க டீ கிளாஸோட பெயிண்ட் ஸ்டோர் பக்கம் போய்க்கினு இருந்தீங்களே. அத்தச் சொன்னேன். மேடம் ஓட ஆரமிச்சுட்டாங்க. நான் கயித்த அங்கியே போட்டுட்டுப் பின்னாடியே."

ஷட்டர் கரகரவென்று ஏறியபோது முதலில் தெரிந்தது செருப்புகள். ஒன்றில் வார் அறுந்திருந்தது. சங்கிலியை ஏழுமலை இழுக்க, அவர் குனிந்து வந்து என் கக்கத்தில் கையைக் கொடுத்து வெளியே இழுத்தார். யார் இங்கே போட்டது, என்ன ஆனது என்று எதுவும் கேட்கவில்லை.

"எப்போலேர்ந்து சார் வாங்குது?"

"ஃபேன்…" என்றேன். "ஃபேன் நின்னதுலேர்ந்து."

"பேசாதீங்க" என்றார். துப்பட்டா முனையால் என் வாயோரம் ஒட்டியிருந்த புழுதியைத் துடைத்தார். ஏழுமலையை இன்ஹேலருக்கு ஓடச் சொன்னார். அவர் திரும்பி வரும்வரை என் முதுகில் கையை வைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கூட்டம். சபாபதி சார் படங்களோடு வந்திருந்தார். பஞ்ச்களின் வேகம்: பிரமாதம். பெயர் கிடைத்த பின் ஆளைக் கண்டுபிடித்த நேரம்: அதைவிடப் பிரமாதம். அவர் பொய் சொல்லவில்லை. திரையில் இருந்த ஒவ்வொரு எண்ணும் உண்மை. அவர் நிஜமாகவே நான் உள்ளே சௌகரியமாக டீ குடித்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தார். வீசிங் விஷயம் தெரிந்து, கூட்டத்துக்கு முதல் நாள் என் வீட்டுக்கே வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனவர்.

"நம்ம ஆளையே கேட்டுடலாமே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "பேர் தெரிஞ்சதும் ஓடி வந்து தூக்கிட்டாங்க இல்ல? லேட்டுனு சொல்ல மாட்டீங்களே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆம் என்றால் மேடம் கையெழுத்துப் போட்டாக வேண்டும்; மறுநாளிலிருந்து மைதானத்தில் பெயர் கூப்பிடும் குரல் இருக்காது. அவர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. பேனா மூடியை மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். நாலைந்து நல்ல சொற்றொடர்கள் என் நாக்கில் வந்து வரிசையாக நின்றன. 'ஒட்டுமொத்தமாகத் திருப்திகரம்' என்பது முதலில் நின்றது.

"பேர் தெரிஞ்சதுலேர்ந்து லேட்டு இல்ல சார்" என்றேன். "எனக்கு மூச்சு பேர் தெரிஞ்சதுலேர்ந்து வாங்கல. சைரன்லேர்ந்து வாங்குச்சு. கணக்கு அங்கேர்ந்துதான் சார். அங்கேர்ந்து பாத்தா, நிஜத் தீயா இருந்திருந்தா இந்தக் கேள்விய நீங்க என்கிட்ட கேட்டிருக்க முடியாது."

சபாபதி சார் லேப்டாப்பை மூடினார். கோபமாக அல்ல; மெதுவாக, ஒரு தேதியின் மேல் துணி போர்த்துவது போல. அலாரத்துக்குத் தனி டேட்டாபேஸ், கயிறு கூடாது, அளவு சைரனிலிருந்து, அதுவரை காகிதத்தில் பெயர் கூப்பிடுவது தொடரும் என்று முடிவானது.

கூட்டம் முடிந்து அவரோடு டீக்கடைக்குப் போனேன். பாராட்டை எதிர்பார்த்துப் போனேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன, அலங்காரம் இல்லாத முதல் வாக்கியங்கள் அவை. கிளாஸ்கள் வந்தன. எதிரே வாசலில் ஷிப்ட்டு விட்டு ஜனம் வந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு நல்லா சொன்னீங்க சார்" என்றார். "அவரு கேட்டதும் பட்டுனு வந்துச்சு."

பெருமையை மறைக்க டீயை ஊதினேன்.

"ஆனா மொத ரிப்போர்ட்டு வந்துச்சே, அந்த விதிவிலக்குன்னு எழுதுனீங்களே, அன்னிக்கே சொல்லியிருக்கணும்ல? அங்கேர்ந்து கணக்கு போட்டா ரொம்ப லேட்டு சார்."

சொல்லிவிட்டு அவர் தன் டீயைக் குடித்தார். என் கையில் இருந்தது ஆறிப்போயிருந்தது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.